அறிந்து விலகும் சுருதி

தனியாக ஒலிக்கும் ஒரு சுரத்துக்குச் சுருதி பிசகுவதில்லை. பிசகுவதற்கு இன்னொரு ஒலி வேண்டும். அது பக்கத்தில் ஊதும் ஒத்தாக இருக்கலாம், பின்னால் மீட்டப்படும் தம்பூராவாக இருக்கலாம், சற்றுமுன் ஒலித்துக் கேட்பவர் நினைவில் இன்னும் நிற்கும் ஆதார சட்ஜமாகவும் இருக்கலாம். நொடிக்கு 440 முறை அதிரும் ஒலியோடு 442 முறை அதிரும் ஒலி சேர்ந்தால், ஓசை நொடிக்கு இரண்டு முறை பெருத்துச் சிறுக்கும். இயற்பியலில் இதற்கு விம்மல் என்று பெயர். விம்மல் மெதுவாக இருந்தால் ஒலிக்கு உயிர் வந்ததுபோல் இருக்கும், வேகமாகிவிட்டால் கரகரப்பாகும். இத்தகைய தூரங்களை அளக்க ஒரு ஸ்தாயியை 1200 சென்ட் என்று பிரிப்பது வழக்கம். ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட். 440க்கும் 442க்கும் இடையே 8 சென்ட்கூட இல்லை; ஆனால் இரண்டும் சேர்ந்து நீளமாக ஒலித்தால் பழகாத காதுக்கும் அது தெரிந்துவிடும்.

இசைக்குழு ஒன்று வேண்டுமென்றே சுருதி விலகி வாசிக்கலாமா என்ற கேள்வியில் மூன்று வேறு நிலைமைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. வெயிலாலும் கவனக்குறைவாலும் கருவிகள் நழுவுவது ஒன்று. ஒரு ராகமோ மரபோ, விசைப்பலகையில் இல்லாத இடத்தில் சுரத்தை நிறுத்துவது இன்னொன்று. கேட்பவரிடம் ஓர் உணர்ச்சியை எழுப்புவதற்காகக் குழு பொருத்தத்தைத் தானே உடைப்பது மூன்றாவது. முதலாவது பிழை. இரண்டாவது பிழையே அல்ல, தேர்ச்சி. மூன்றாவதைப் பற்றித்தான் உண்மையில் விவாதம் தேவைப்படுகிறது.

தமிழிசை இந்தப் பிரிவினையைப் பழங்காலத்திலேயே செய்திருக்கிறது. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் நரம்புகளுக்கிடையே இணை, கிளை, நட்பு, பகை என்ற உறவுகளைப் பேசுகின்றன. இங்கே பகை என்பது பிழை அன்று. இரண்டு நரம்புகள் சேரும்போது எழும் உரசல். இசை இயங்குவதற்கு அதுவும் வேண்டியிருக்கிறது. பிழைக்குத் தனிப் பட்டியல் உண்டு. பண்ணோடு ஒட்டாமல் இன்பமற்று ஒலிக்கும் செம்பகை, அளவு மீறி இரையும் ஆர்ப்பு, ஓசை மழுங்கும் கூடம், நரம்பு சிதறி ஒலிக்கும் அதிர்வு ஆகிய நான்கும் யாழின் குற்றங்கள். நீரில் நின்ற மரத்தாலும் அழுகிய மரத்தாலும் இடி விழுந்த மரத்தாலும் இவை நேரும் என்று உரை காரணம் சொல்கிறது. வாசிப்பவரின் நோக்கத்துக்கு வெளியிலிருந்து வருவதால்தான் அவை குற்றங்கள். இதே காப்பியத்தின் வேனிற்காதையில், கோவலனைப் பிரிந்த மாதவி யாழைக் கையிலெடுத்துப் பாடத் தொடங்கி மயங்கிவிடுகிறாள். அரங்கேற்றத்தில் பிழையே இல்லாமல் ஆடியவள் அவள் என்பது படிப்பவருக்குத் தெரியும். தெரிந்திருப்பதனால்தான் அந்த மயக்கம் மனத்தைத் தைக்கிறது. இசை வழுவுவதைப் பொருளுள்ள செய்கையாக்கிய மிகப் பழைய தமிழ்க் காட்சிகளில் இது ஒன்று.

கோலாலம்பூருக்குத் தென்மேற்கே சிலாங்கூரில் இருக்கும் பூச்சோங், இந்தக் கேள்வியை நூலிலிருந்து தெருவுக்குக் கொண்டுவருகிறது. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்த நிலம் அது. இன்று அடுக்குமாடிகளும் வணிக வளாகங்களுமாக மாறிவிட்ட பின்னும், காசல்பீல்டு, கின்ராரா என்னும் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளில் தங்கியிருக்கின்றன. தோட்ட மக்களோடு வந்த கோயில்களும் திருவிழாக்களும் தங்கின. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் நிலைமை இதுதான். கோயிலில் நாதஸ்வரமும் தவிலும் ஒலிக்கும். காவடிக்கு இளைஞர்களின் உறுமி மேளம் வரும். கல்யாண மண்டபத்தில் கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ் கொண்ட மெல்லிசைக் குழு வாசிக்கும். 1981இல் தொடங்கிய, பிரிக்பீல்ட்ஸில் உள்ள டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற நிலையங்களில் இந்தியக் கருவிகளும் மேற்கத்தியக் கருவிகளும் ஒரே மேடையில் அமர்கின்றன. ஒரே குடும்பத்தின் விசேஷத்தில் இந்த வகைகளில் இரண்டோ மூன்றோ வந்துவிடுவது சாதாரணம். ஒவ்வொன்றும் சுருதியை வேறு விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

இந்த ஊர்களின் தட்பவெப்பமே குழுக்களுக்கு முதல் சோதனை. குளிரூட்டிய மண்டபத்தில் 24 பாகையில் சுருதி சேர்த்த குழு பிற்பகலில் வெளியே வந்தால், 33 பாகை வெயிலில் நிற்கும். ஒரு பாகைக்கு ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 0.6 மீட்டர் கூடுகிறது. குழலுக்குள் இருக்கும் காற்று முழுவதும் அந்த 9 பாகை சூடேறினால் சுருதி ஏறத்தாழ 27 சென்ட் உயரும். அது ஓர் அரைச்சுரத்தின் கால் பங்குக்கும் மேல். ஊதுபவரின் மூச்சு குழலை முன்பே வெதுவெதுப்பாக்கியிருப்பதால் உண்மையான ஏற்றம் இதைவிடக் குறைவாக இருக்கும். இருந்தாலும் காதுக்குத் தப்பாது. அதே வெயிலில் வயலினின் உலோகத் தந்திகள் நீண்டு இறங்குகின்றன. மழை வந்து காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து மத்தளத்தின் சுருதி இறங்குகிறது. கீபோர்டு மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒன்று ஏற, ஒன்று இறங்க, ஒன்று அசையாமலிருக்கக் குழு மூன்றாகப் பிளந்து போகும். இதைத் திருவிழா இசைக்கே உரிய இயல்பு என்று சிலர் நியாயப்படுத்துவதுண்டு. அந்த நியாயம் நிற்காது. யாரும் தேர்ந்தெடுக்காத ஒன்றைப் பாணி என்று சொல்ல முடியாது. தவிர, அது அடுத்த நாள் அதே அளவில் திரும்பவும் வராது.

நாதஸ்வரத்தின் அமைப்பு, சுருதி விலகலைப் பற்றி வேறு எந்தக் கருவியையும்விட அதிகம் கற்பிக்கிறது. ஆச்சா மரத்தில் கடைந்த உடல். மேலே கெண்டையில் செருகிய சீவாளி. கீழே விரிந்த அணசு. விரல்களுக்கு ஏழு துளைகள். அவற்றுக்குக் கீழே இருக்கும் ஐந்து துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்வார்கள். அரைச்சுரங்களுக்குத் தனித் துளை கிடையாது. துளையைப் பாதி மூடியும், உதட்டால் சீவாளியை அழுத்தியும், மூச்சைக் கூட்டிக் குறைத்தும்தான் அவற்றைப் பிடிக்க வேண்டும். கருவியே சுரத்தைத் தந்துவிடுவதில்லை. வாசிப்பவர் நொடிதோறும் அதைத் தேடிப் பிடிக்கிறார். அதனால்தான் கூடவே ஒத்து ஊதுவது விடாத கடமையாக இருந்தது. விலகல் எவ்வளவு என்று வாசிப்பவருக்குச் சொல்வது ஒத்துதான். இன்று பல இடங்களில் அந்த வேலையை மின்சாரச் சுருதிப்பெட்டி செய்கிறது.

முன்பு வழக்கிலிருந்த திமிரி நாதஸ்வரம் குட்டையானது. அதன் சுருதி 4, 5 கட்டை வரை உயர்ந்து ஒலிக்கும். திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாதஸ்வரத்தைப் பரப்பினார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, சுத்த மத்தியமம் தடையின்றிப் பேசும் நாதஸ்வரத்தைச் செய்து தந்தார். அதற்கு முந்தைய கருவிகளில் அந்தச் சுரத்தை மூச்சின் பலத்தால்தான் சரியான இடத்துக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. துளைகளின் இடத்தை மாற்றிக் கருவியைத் திருத்திய அந்த உழைப்பைப் பார்த்தால், விலகல் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பதில் மேளக்காரர்கள் எவ்வளவு கறாராக இருந்தார்கள் என்பது விளங்கும். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அதே ராஜரத்தினம் பிள்ளை பெரும்புகழ் பெற்றது தோடியில். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே அசைந்துகொண்டிருக்கும். அதை விசைப்பலகையின் கட்டையில் அசைவில்லாமல் நிறுத்தினால், அளவுப்படி சரி. ஆனால் தோடி போய்விடும். வராளி இதைவிடத் தெளிவான சான்று. அதன் மத்தியமம் வழக்கமான பிரதி மத்தியமத்தைத் தாண்டிப் பஞ்சமத்தை நெருங்கி நிற்க வேண்டும். அங்கே நில்லாத மத்தியமத்தை வராளி என்று எந்த வித்வானும் ஒப்புக்கொள்ளமாட்டார். பேகடையில் சுத்த மத்தியமம் தன் இடத்திலிருந்து சற்றே மேலேறுகிறது. நிஷாதம் கைசிகிக்கும் காகலிக்கும் நடுவில் தங்குகிறது. பியானோக்காரர் காதுக்கு இவை எல்லாமே சுருதி விலகிய சுரங்கள். அறிந்து, விரும்பி, தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்துக்கு விலகிய சுரங்கள்.

குழுவாக வாசிக்கும்போது இது இன்னும் கடினமாகிறது. நாதஸ்வரத்தில் இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பது வழக்கம். 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்கு மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது அப்படித்தான். வராளி மத்தியமத்தை இருவரும் ஒரே அளவு ஏற்ற வேண்டும். ஒருவர் 20 சென்ட்டும் மற்றவர் 40 சென்ட்டும் ஏற்றினால், தனித்தனியே இரண்டும் வராளியாகத் தோன்றினாலும் சேர்ந்து ஒலிக்கையில் அபஸ்வரமாகிவிடும். தனிக் கலைஞர் அந்தக் கணத்தின் மனநிலைக்கேற்ப விலகலாம். குழு விலக வேண்டுமானால் எல்லாரும் சேர்ந்து விலக வேண்டும். அதற்கு முன்பே பேசி, பழகி, இடத்தை முடிவு செய்திருக்க வேண்டும். சகோதரர்களும் குருவும் சீடரும் இணையாக வாசிக்கும் வழக்கத்துக்கு இது ஒரு வலுவான காரணம்.

உரசலையே அடிப்படையாகக் கொண்ட மேளங்களும் கர்நாடக இசையில் உண்டு. 72 மேளகர்த்தாக்களில் 40 விவாதி மேளங்கள். நெருங்கிய இரண்டு சுரங்கள் அடுத்தடுத்து வந்து அவற்றில் மோதுகின்றன. அவற்றைப் பாடினால் தோஷம் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள். கோடீஸ்வர ஐயர் அந்த அச்சத்தை ஒதுக்கிவிட்டு, முருகன் மேல் தமிழில் 72 மேளங்களிலும் கீர்த்தனைகள் இயற்றினார். ‘கந்த கானாமுதம்’ என்று அவை பெயர் பெற்றன. விவாதி சுரத்தைச் சரியாகப் பிடிப்பதற்கு மற்ற சுரங்களைவிடக் கூடுதல் சுருதிச் சுத்தம் தேவைப்படுகிறது. அதில் சற்றே தளர்ந்தாலும், வேண்டிய உரசல் போய், பாடகர் தடுமாறுகிறார் என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

எதிலிருந்து விலகுவது என்பதில்கூடத் தமிழ்நாட்டில் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’, ஸ்தாயியில் 22 சுருதிகள் என்ற கோட்பாட்டை மறுத்து, சமமான பகுப்பை வற்புறுத்தியது. 24 சுருதிகள் என்பது அவர் கணக்கு. 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டிலும் அவர் அதை முன்வைத்தார். சமப் பகுப்புக்கு எதிரான நிலைப்பாடு வானொலியில் வென்றது. அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தைத் தடை செய்தது; 1971 வாக்கில்தான் தளர்வு வந்தது. கமகம் பேசாத கருவி என்பது ஒரு குற்றச்சாட்டு. அதன் சுரங்களே சற்று விலகியவை என்பது மற்றொன்று. இரண்டாவது குற்றச்சாட்டைக் கணக்கிட்டே பார்க்கலாம். 5க்கு 4 என்ற விகிதத்தில் அமையும் இயற்கையான அந்தர காந்தாரம் 386 சென்ட். சமப் பகுப்பில் அது 400. ஹார்மோனியமும் பியானோவும் கீபோர்டும் அந்தச் சுரத்தை எப்போதும் 14 சென்ட் ஏற்றியே வாசிக்கின்றன. எந்த ஆதாரத்திலிருந்தும் வாசிக்க முடியும் என்ற வசதிக்காக உலகின் பெரும்பகுதி விரும்பி ஏற்றுக்கொண்ட விலகல் அது. சுத்தமான சுருதியின் பெயரால் எல்லா விலகலையும் மறுப்பவர், தம் வீட்டுக் கீபோர்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.

உயிர்ப்புக்காகவே பொருத்தத்தைக் கலைப்பது முன்பு சொன்ன மூன்றாவது நிலைமை. தம்பூராவில் தந்திக்கும் குதிரைக்கும் நடுவே மெல்லிய நூலைச் செருகி நகர்த்தினால் ஜீவா பிறக்கிறது. தந்தி குதிரையின் வளைவை உரசி உரசி அதிர்ந்து, மேல்சுரங்களைப் பொழிகிறது. சி.வி. ராமன் 1921இல் வெளியான கட்டுரையில் இதை ஆராய்ந்தார். சாதாரணத் தந்தியில் மீட்டிய இடத்தைப் பொறுத்துச் சில மேல்சுரங்கள் ஒலிக்காமல் போகவேண்டும் என்பது யங் விதி. தம்பூராவில் அவையும் ஒலிக்கின்றன என்று அவர் காட்டினார். யாழில் குற்றமாக எண்ணப்பட்ட அதிர்வின் நெருங்கிய உறவுதான் இந்த இரைச்சல். தம்பூராவில் அதைத் தேடி வரவழைக்கிறார்கள், நூலின் இடத்தை மயிரிழை அளவில் சரிசெய்கிறார்கள். விருப்பமும் கட்டுப்பாடும் சேர்ந்ததால் குற்றம் குணமாயிற்று.

சுருதியிலேயே இதைச் செய்வது பாலித் தீவின் கமலான். அங்கே உலோகத் தகட்டுக் கருவிகளை இரட்டை இரட்டையாகச் செய்கிறார்கள். ஒன்றைச் சற்றுத் தாழ்த்தியும் மற்றதைச் சற்று உயர்த்தியும் சுருதி சேர்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்து அடித்தால் எழும் விம்மலுக்கு அலை என்று பொருள்படும் ஓம்பாக் என்ற பெயர். அலை இல்லாத கமலானை உயிரற்றது என்று ஒதுக்குவார்கள். கருவி செய்பவர்களின் நுட்பம் வியக்க வைப்பது. நொடிக்கு 6 விம்மல் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 300 அதிர்வெண்ணில் இணைகளின் இடைவெளி 34 சென்ட் இருக்க வேண்டும். 1200 அதிர்வெண்ணில் 9 சென்ட் போதும். கருவியின் கீழ்க்கோடியிலிருந்து மேல்கோடிவரை விம்மலின் வேகம் மாறாதிருக்க, தகட்டுக்குத் தகடு விலகலை வேறு வேறு அளவில் அமைக்கிறார்கள். வேண்டுமென்றே சுருதி விலகும் குழு உலகில் உண்டா என்று கேட்பவருக்கு இதைவிட முழுமையான விடை இல்லை. சுருதி சேர்ப்பதைவிடக் கடினமான வேலை அது என்பதும் அதிலேயே இருக்கிறது. மலேசியாவில் திரெங்கானு, பகாங் அரசவைகளோடு வளர்ந்த மலாய் கமலான் இதிலிருந்து வேறுபட்ட மரபு. ஆயினும் கமலான் தொகுதிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுருதி இருப்பது பொதுவான இயல்பு. ஒரு தொகுதியின் கருவியை இன்னொன்றில் சேர்க்க இயலாது. 1997இல் கோலாலம்பூரில் உருவான ரிதம் இன் ப்ரோன்ஸ் குழு, அந்தக் கருவிகளுக்குப் புதிய இசை எழுதி வாசித்தது. மற்றக் கருவிகளோடு கமலானைச் சேர்க்க முனையும் எவரும் சந்திக்க வேண்டிய முதல் முடிவு, யாருடைய சுருதிக்கு யார் வருவது என்பதுதான்.

உறுமி மேளத்தில் நிலைமை மாறுகிறது. உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிக்கிறார்கள். மறு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கிறார்கள். தேய்ப்பின் அழுத்தத்துக்கேற்ப ஒலி இழுபட்டு ஏறி இறங்குகிறது. அதற்கு நிலையான சுருதி இல்லை, இருக்கவும் தேவையில்லை. ஆகவே உறுமி பிசகியது என்று சொல்ல வழியே இல்லை; அதன் பொருத்தம் தாளத்தில் இருக்கிறது. கூடப் பாடுபவருக்கோ சுருதி உண்டு. ஒத்தோ பெட்டியோ இல்லாமல், எழும்பும் பறையொலிக்கு மேலே தொண்டை கிழியப் பாடும்போது குரல் பாட்டுக்குப் பாட்டு ஏறிவிடும். குழு முழுவதும் அவரோடு ஏறுவதால் உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியாது. நிலையான சுருதிக் கருவி ஒன்று நடுவில் சேரும்போதுதான் விரிசல் வெளிப்படும். மலேசியாவில் இளைஞர்கள் இந்தக் கலையை வளர்த்திருக்கும் வேகத்தையும் உழைப்பையும் பார்க்கையில், பாடகருக்குக் கேட்கும்படி ஒரு சிறு சுருதிப்பெட்டியாவது இருக்க வேண்டும் என்று விரும்பத் தோன்றுகிறது. தாளத்துக்குத் தரும் கவனத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே குரல் தப்பித்துவிடும்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் இன்னொன்று நிகழ்கிறது. கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வரும் வெள்ளி ரதத்தைத் தொடர்ந்து, காவடிக் கூட்டங்கள் மேளத்தோடு மலையை நோக்கி நகர்கின்றன. ஒரு குழு பாடிக்கொண்டு நெருங்க, இன்னொரு குழு வேறு சுருதியில் வேறு பாட்டோடு விலக, நடுவில் நிற்பவர் காதில் இரண்டும் மோதிக் கரைகின்றன. எந்தக் குழுவும் இதைத் திட்டமிடுவதில்லை. கூட்டத்துக்குள் நிற்பவரே அதைக் கேட்கிறார். அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸ், பேண்டு தலைவரான தம் தந்தையின் ஊரில் இப்படிக் கேட்டு வளர்ந்தவர். இரண்டு அணிவகுப்புப் பேண்டுகள் வெவ்வேறு பாட்டோடு சந்திக்கும் ஒலியைப் பின்னர் தம் ‘நியூ இங்கிலாந்தின் மூன்று இடங்கள்’ என்ற படைப்பில் ஒரே இசைக்குழுவுக்கு எழுதினார். கால்சுர இடைவெளியில் சுருதி சேர்த்த இரண்டு பியானோக்களுக்கும் 1920களில் எழுதினார். தெருவில் தற்செயலாக நேர்ந்ததை அவர் தாளில் திட்டமாக்கினார். அப்படி ஒரு படைப்பு பத்துமலையிலிருந்து இன்னும் பிறக்கவில்லையெனில், பிறப்பதற்கு வேண்டிய ஒலிகள் அங்கே ஆண்டுதோறும் நிறைந்திருக்கின்றன.

சிரிப்புக்கும் அழுகைக்கும் சுருதியைக் குலைப்பது எங்கும் உள்ளது. கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தில் நாதஸ்வரம் பேச்சை, சிணுங்கலை, சண்டையைப் போல இழுத்து நடிக்கும். ஒப்பாரியில் அடி முடிவில் குரல் சரிந்து, சுரமும் விசும்பலும் பிரியாமல் கலக்கும். அங்கே சுத்தமான சுரத்தில் நின்றால் துக்கம் பொய்யாகிவிடும். மொசார்ட் 1787இல் எழுதிய ‘இசை வேடிக்கை’, திறமையற்ற இசையமைப்பாளர்களைப் பகடி செய்வது. அதன் முடிவில் கருவிகள் வேறு வேறு ஆதாரங்களில் மோதி நிற்கும். அந்தத் தவறுகள் ஒவ்வொன்றும் தாளில் எழுதப்பட்டவை. அவற்றைச் சரியான சுருதியில் வாசித்தால்தான் நகைச்சுவை பிடிபடும். பிசகாக எழுதியதைப் பிசகாகவும் வாசித்தால் எது எழுதியது, எது தடுமாறியது என்று யாருக்கும் தெரியாது.

இங்கிலாந்தில் 1970இல் தொடங்கிய போர்ட்ஸ்மவுத் சின்ஃபோனியா, மோசமாக வாசிப்பதற்கென்றே உருவானது என்று பலர் நினைப்பதுண்டு. கேவின் பிரையர்ஸ் தொடங்கிய அந்தக் குழுவில், கருவி தெரியாதவர்களும் தங்களுக்குப் பழக்கமில்லாத கருவியை எடுத்த கலைஞர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு இடப்பட்ட நிபந்தனை, முடிந்தவரை சரியாக வாசிக்க முயல வேண்டும் என்பதே. 1974இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் அவர்கள் வாசித்தபோதும் வேண்டுமென்றே தவறு செய்ய அனுமதி இல்லை. கேட்டவர்களை நெகிழ வைத்தது அந்த முயற்சி. பாசாங்குத் தவறு அந்த உணர்ச்சியைத் தந்திருக்காது. பள்ளி விழாவில் சிறுவர் பேண்டு சற்றே பிசகி வாசிக்கும்போது பெற்றோர் மனம் குளிர்வதும் இதே காரணத்தால்தான். தேர்ந்த குழு அதைப் போலி செய்தால் எரிச்சலே மிஞ்சும்.

ஹங்கேரியில் இசை படித்த இசையமைப்பாளர் லிகெட்டி 1968–69இல் எழுதிய ‘ராமிஃபிகேஷன்ஸ்’ தீவிரமான எடுத்துக்காட்டு. தந்திக் கருவிகள் இரண்டு அணியாகப் பிரிந்து, ஓர் அணி மற்றதைவிட ஏறக்குறைய கால்சுரம் உயர்த்திச் சுருதி சேர்க்கும். அதைக் காப்பாற்றுவது பெரும்பாடு. பக்கத்தில் ஒலிக்கும் சுருதியோடு சேர்ந்துவிடவே காது இழுக்கும்; வில் பிடித்த கை அந்தக் காதின் சொல்லைக் கேட்கும். விலகி நிற்பதற்கு, ஒன்றி நிற்கும் இயல்பை ஒவ்வொரு நொடியும் தடுக்க வேண்டும்.

இந்த எடுத்துக்காட்டுகளில் வெற்றி பெற்றவை எல்லாவற்றிலும் சில நிபந்தனைகள் நிறைவேறியிருக்கின்றன. எதிலிருந்து விலகுகிறோம் என்பது ஒத்தாகவோ, இணைக் கருவியாகவோ, மரபின் நினைவாகவோ கேட்பவர் காதில் நிற்கிறது. விலகலின் அளவு குழுவில் உள்ள அனைவருக்கும் தெரிந்திருக்கிறது. அடுத்த முறையும் அதே இடத்துக்கு அவர்களால் வர முடிகிறது. இவற்றுள் கடைசியே மிகக் கடுமையான தேர்வு. ஒரு குழு தன் பிசகை நோக்கத்தோடு செய்தது என்று சொன்னால், அதை மீண்டும் வாசித்துக் காட்டச் சொல்வதே போதுமானது.

ஒலிப்பதிவுக் கூடங்களில் இந்தத் தேர்வுக்கு இடமே இல்லாமல் போகும் ஆபத்து வந்துவிட்டது. 1997இல் சந்தைக்கு வந்த ஆட்டோ டியூன், பாடும் சுரத்தை அருகிலுள்ள அரைச்சுரத்துக்கு இழுத்து நிறுத்தும். மெதுவாகச் சரிசெய்யும்படி வைத்தால் சிறு நழுவல்களை மட்டும் மறைக்கும். வேகமாக வைத்தால் தோடியின் அசைவை இரண்டு மூன்று படிகளாக வெட்டிவிடும், வராளி மத்தியமத்தை 600 சென்ட்டுக்கு இறக்கிவிடும். மெல்லிசை, சொல்லிசைப் பாடல்களில் அந்தப் படிக்கட்டு ஒலியையே விரும்பிப் பயன்படுத்துவது நியாயம். நாட்டுப்புறக் குரலையும் ராகம் பாடும் குரலையும் அதே அமைப்பில் செலுத்துவது கேடு. பாடகர் அறிந்து விலகியதையும் அறியாமல் நழுவியதையும் அந்த மென்பொருளால் வேறுபடுத்த இயலாது. அந்த முடிவு காது உள்ள ஒருவர் கையில்தான் இருக்க வேண்டும்.

பூச்சோங்கிலோ கிள்ளானிலோ ஒரு விசேஷத்தில் நாதஸ்வரமும் கீபோர்டும் ஒரே குழுவில் அமரும்போது, சுருதி சேர்க்கும் வரிசையே பாதி வேலையை முடித்துவிடும். மேடையில் சில நிமிடங்கள் ஊதிக் குழல் சூடேறிய பிறகு நாதஸ்வரத்தின் சட்ஜத்தை முடிவு செய்ய வேண்டும். சுருதிப்பெட்டியை அதற்குக் கொண்டுவர வேண்டும். பெரும்பாலான கீபோர்டுகளில் சுருதியை நுண்ணளவில் ஏற்றி இறக்கும் வசதி உள்ளதால், கீபோர்டு நாதஸ்வரத்துக்கு வர வேண்டுமே தவிர நாதஸ்வரம் கீபோர்டுக்குப் போகத் தேவையில்லை. வயலினும் மிருதங்கமும் அதன் பின்னர். வெயிலுக்கு வெளியே போனால் இந்த வரிசையை முதலிலிருந்து திரும்பச் செய்ய வேண்டும். நோட்டு மெட்டுகளுக்கும் சினிமாப் பாடல்களுக்கும் கீபோர்டு தாராளமாக வாசிக்கலாம். தோடி, வராளி, பேகடை வரும்போது அது சட்ஜ பஞ்சமத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பது நல்லது. சமப் பகுப்பின் பஞ்சமம் இயற்கைப் பஞ்சமத்திலிருந்து 2 சென்ட் மட்டுமே இறங்கியிருப்பதால், நீண்டு ஒலித்தாலும் நாதஸ்வரத்தோடு அது உரசாது.